தென் வானத்துக்கு முதல் கருவி: பைனாகுலரா, டாப்சோனியனா?

1751இல் நன்னம்பிக்கை முனையில் வந்திறங்கிய பிரெஞ்சு வானியலாளர் லக்காய், தென் வானத்தை அளக்கப் பயன்படுத்திய தொலைநோக்கியின் வில்லை அரை அங்குல அகலம்தான். உருப்பெருக்கம் எட்டு மடங்கு. அதை வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஓராண்டில் 10,000க்குச் சற்றே குறைவான விண்மீன்களுக்கு இடம் குறித்தார். புகைபோலத் தெரிந்த 42 பொருள்களைப் பட்டியலிட்டார். பெயரில்லாமல் கிடந்த வெளிகளை 14 புதிய விண்மீன் குழுக்களாகப் பிரித்தார். இன்று பைனாகுலர் என்று கேட்டவுடன் எடுத்துக் காட்டப்படும் சாதாரண 10×50 கருவியில் (பத்து மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. வில்லை) ஒவ்வொரு வில்லையும் அவருடையதைப்போல நான்கு மடங்கு அகலம். ஒளி திரட்டும் பரப்பில் ஏறத்தாழ பதினாறு மடங்கு.

அந்தப் பைனாகுலரிலிருந்து, கையால் தள்ளிப் பார்க்கும் ஆடித் தொலைநோக்கியான 8 அங்குல டாப்சோனியனுக்குத் தாவினால் மறுபடியும் பதினாறு மடங்கு. ஒளிக்கணக்கில் இரண்டும் ஒரே உயரமுள்ள படிகள். தென் வானத்தைப் பொறுத்தவரை அவை ஒரே பலனைத் தருவதில்லை என்பதுதான் இங்கே பேச்சு.

முதல் கருவி தேடுபவர் கையில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி வடக்கு வானத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே பிரெஞ்சு வானியலாளர் மெசியே தொகுத்த, புகைபோலத் தெரியும் பொருள்களின் பட்டியல்தான் பாடத்திட்டம். மெசியே பாரிஸில் இருந்து பார்த்தவர். அவர் பட்டியலின் தென்கோடிப் பொருளான எம்7, பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே ஓடும் வான நடுக்கோட்டிலிருந்து தெற்கே 35 டிகிரியில் நின்றுவிடுகிறது. அந்தப் பட்டியலில் மங்கலான சிறு விண்மீன் மண்டலங்கள் ஏராளம் என்பதால், "துளை (வில்லை அல்லது ஆடியின் அகலம்) பெரிதாக இருக்கட்டும்" என்ற அறிவுரை அங்கே இயல்பாகவே வருகிறது. தெற்கில் கதை வேறு. நமக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மகெல்லன் மேகம் ஏறத்தாழ 10 டிகிரி அகலம், அதாவது இருபது முழுநிலவுகளை வரிசையாக வைத்த நீளம். சிலுவை என்ற தென் விண்மீன் குழுவுக்குப் பக்கத்தில் இருக்கும் கரிப்பை என்ற இருள் முகில் 7 டிகிரி நீளம். ஒளிரும் வாயு முகிலான கரினா நெபுலா 2 டிகிரி. விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கோளகக் கொத்துகளில், ஒளியில் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் ஒமேகா சென்டாரியும் 47 டுக்கானேயும் நிலவளவுக்குப் பரந்தவை, வெறும் கண்ணுக்கே தெரிபவை. பெரியவை, ஒளிமிக்கவை, ஒன்றுக்கொன்று அருகில் இருப்பவை. இவற்றுக்கு முதலில் வேண்டியது அகன்ற பார்வை.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் 10×50 பைனாகுலர். ஓராண்டு கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் 8 அங்குல டாப்சோனியன். இடைப்பட்ட எதுவும் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. நான் அந்த இடைப்பட்டதைத்தான் முதலில் வாங்கினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் நிற்கும் இடம்

கருவியை முடிவு செய்வதற்கு முன் அட்சரேகையைப் பார்க்கவேண்டும். ஒமேகா சென்டாரி வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 47 டிகிரியில் இருக்கிறது. தென் அட்சம் 30இல் நிற்பவருக்கு அது உச்சம் தொடும்போது 70 டிகிரிக்கு மேல், ஏறத்தாழ தலைக்கு நேராக. வட அட்சம் 10இல் நிற்பவருக்கு 33 டிகிரி உயரம். அதுவும் போதுமானதே. சிலுவை அவருக்கு 20 டிகிரி ஏறும். பெரிய மகெல்லன் மேகமோ மிஞ்சிப்போனால் 10 டிகிரி. அந்த உயரத்தில் வரும் ஒளி, தலைக்கு நேராக வருவதைவிட ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. தூசி, ஈரம், ஊர் வெளிச்சம் எல்லாம் அந்தக் காற்றில்தான் தேங்கி நிற்கின்றன. மேகம் மேகமாகத் தெரியாமல், தெரிகிறதா இல்லையா என்று நம்மையே சந்தேகிக்க வைக்கும்.

ஆகவே நடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பவர்களுக்குத் தேர்வு சுலபம். தொடுவானத்தை ஒட்டிய பொருளைப் பெரிய தொலைநோக்கியில் பெரிதாக்கிப் பார்த்தால், கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நாணயத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். பைனாகுலரில் உருப்பெருக்கம் குறைவு என்பதால் அந்தக் கொதிப்பு கண்ணை உறுத்தாது. அங்கே கருவிக்குச் செலவழிப்பதைவிட, தெற்கே விளக்கில்லாத கடலோ சமவெளியோ இருக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது மேல். தென்கோளத்தில் நன்றாக உள்ளே இருப்பவர்களுக்குத்தான் பைனாகுலரா தொலைநோக்கியா என்ற கேள்வி உண்மையில் எழுகிறது. அவர்களுக்கு மகெல்லன் மேகங்கள் மறைவதே இல்லை. ஆண்டு முழுவதும் தென் துருவத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். சிலுவையும் கரினாவும் ஏப்ரல் முதல் ஜூலை வரை முன்னிரவில் உயரத்தில் நிற்கும். மகெல்லன் மேகங்களுக்கும் 47 டுக்கானேவுக்கும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை.

கணக்கில் சேராத தேர்வு

வெறும் கண்ணையும் ஒரு தேர்வாகச் சேர்க்கவேண்டும் என்றால் சிரிப்பார்கள். ஆனால் 1987 பிப்ரவரி 24 அன்று சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் வானாய்வகத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். இரவுப் பணியில் இருந்த ஆஸ்கார் துவால்டே சற்று வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். பெரிய மகெல்லன் மேகத்தில் டரான்டுலா நெபுலாவுக்கு அருகில் இருக்கக்கூடாத ஒரு விண்மீன் இருந்தது. அதே இரவில் அதே இடத்தில் இயன் ஷெல்டன் தன் ஒளிப்படத் தகட்டில் அதையே கண்டார். நியூசிலாந்திலிருந்து ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற பொழுதுபோக்கு வானியலாளரும் தனியாகக் கண்டுபிடித்தார். எஸ்.என். 1987ஏ என்ற அந்தச் சூப்பர்நோவா, அதாவது வெடித்த விண்மீன், 1604க்குப் பிறகு வெறும் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த முதல் சூப்பர்நோவா. துவால்டேக்கு அங்கே எந்த விண்மீன் எங்கே இருக்கவேண்டும் என்பது மனப்பாடம். அதுதான் அவர் கருவி.

கரிப்பையைத் தொலைநோக்கியில் பார்க்கவே முடியாது. பார்வைப் புலம் முழுவதும் அதன் உள்ளேயே இருக்கும், இருட்டைத்தான் பார்ப்போம். பால்வீதியில் யாரோ கட்டைவிரலால் மை தொட்டு வைத்ததுபோல் அது தெரிவது வெறும் கண்ணுக்குத்தான். அதற்கும் கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். இடையில் ஒரே ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

திசை பழகுவதும் வெறும் கண் வேலை. தெற்கே துருவ நட்சத்திரம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. திரிசங்கு என்று நம் பழைய கதைகள் சொல்லும் சிலுவையின் நெடுங்காலை, அடிப்பக்கமாக அதன் நீளத்தைப்போல நாலரை மடங்கு நீட்டினால் தென் துருவப் புள்ளி வரும். ஆல்ஃபா சென்டாரிக்கும் பீட்டா சென்டாரிக்கும் நடுவிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு இழுத்தால் அதுவும் அந்தப் பக்கமே போகும். அகத்திய விண்மீன், அதாவது கனோபஸ், சிரியசுக்கு அடுத்துப் பெரிய ஒளி. இவை மூன்றும் இரண்டு வாரங்களில் பழகிவிடும். பழகாமல் தொலைநோக்கி வாங்கினால், அது எங்கே பார்க்கிறது என்று நமக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

10×50: சாய்வு நாற்காலியில் ஓர் இரவு

மே மாதம் முன்னிரவு, நிலவில்லை. சாய்வு நாற்காலியில் படுத்து முழங்கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு பைனாகுலரைச் சிலுவையின் அடி விண்மீனான அக்ரக்சில் வைக்கிறேன். பக்கத்தில் சற்று மங்கலான துணை ஒன்று தெரிகிறது. சிலுவையின் இடது கையான மிமோசாவுக்கு நகர்ந்தால் அதன் ஓரத்தில் சின்னஞ்சிறு திட்டு ஒன்று, நகைப்பெட்டிக் கொத்து. ஜான் ஹெர்ஷல் வண்ணக் கற்கள் பதித்த நகைக்கு ஒப்பிட்டதால் வந்த பெயர். பைனாகுலரில் பெட்டி மட்டும்தான், நகை தெரியாது. ஒப்புக்கொள்கிறேன்.

அங்கிருந்து மேற்கே பால்வீதியைத் தொடர்ந்து மெதுவாக நகரவேண்டும். ஒரு பன்னிரண்டு டிகிரி போவதற்குள் வானம் கெட்டியாகிவிடும். கரினா நெபுலா சாம்பல் நிறத்தில் விரிந்து கிடக்கிறது, நடுவே ஒரு கரிய பிளவு. அதை ஒட்டி ஆரஞ்சு நிறத்தில் ஈட்டா கரினே. 1843இல் இது சிரியசுக்கு அடுத்த ஒளியுள்ள விண்மீனாக எரிந்து, பின் கண்ணுக்கே தெரியாமல் மங்கி, இப்போது மறுபடி ஏறிவந்திருக்கிறது. கிழக்குப் பக்கம் மூன்று டிகிரிக்குள் என்.ஜி.சி. 3532, பொடித்த கண்ணாடிபோல். ஹபிள் தொலைநோக்கி 1990 மே மாதம் எடுத்த முதல் படம் இந்தக் கொத்தைத்தான். தெற்கே ஐந்து டிகிரிக்குள் தெற்குக் கார்த்திகை என்று சொல்லத்தக்க ஐ.சி. 2602. கொஞ்சம் சரிசெய்தால் நெபுலா, இரண்டு கொத்துகள், மூன்றும் பைனாகுலரின் ஒரே 6.5 டிகிரி வட்டத்தில் ஓரங்களைத் தொட்டபடி அடங்கிவிடும். எவ்வளவு பெரிய தொலைநோக்கியாலும் இந்தக் காட்சியைத் தரமுடியாது. பெரிதாக ஆக ஆக அது இன்னும் எட்டாமல் போகும்.

பைனாகுலர் வாங்கும்போது எண்களைச் சற்றுக் கவனிக்கவேண்டும். வில்லையின் மி.மீ. அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 7×50க்கு 7 மி.மீ., 10×50க்கு 5 மி.மீ. இளம் வயதில் கண்மணி இருட்டில் 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 5 மி.மீ.யோடு நின்றுவிடும், மிச்ச ஒளி கருவிழியில் பட்டு வீணாகும். ஊர் வெளிச்சம் உள்ள இடத்தில் 7×50 வானத்தையும் சாம்பலாக்கிக் காட்டும். அதனால்தான் 10×50. 15×70 கவர்ச்சியானது, நானும் ஆசைப்பட்டு வாங்கினேன். ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை. ஐந்து நிமிடத்தில் கை நடுங்கத் தொடங்கும், விண்மீன்கள் எல்லாம் கையெழுத்துப் போடும். முக்காலியில் மாட்டினால் தலைக்கு மேல் பார்க்கக் கழுத்து வளையாது. தெற்கில் நல்லவை எல்லாம் தலைக்கு மேல்தான்.

பைனாகுலரின் குறைகளையும் சொல்லவேண்டும். ஒமேகா சென்டாரி இதில் பஞ்சுருண்டை. ஒரு கோடி விண்மீன்கள் என்று படித்திருப்போம், ஒன்றுகூடப் பிரிந்து தெரியாது. ஆல்ஃபா சென்டாரி இரட்டை என்பது தெரியாது. கோள்களில் வியாழனின் நிலவுகளோடு சரி, சனியின் வளையம் கிடையாது. கீழே விழாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். என்னுடையது ஒருமுறை நாற்காலிக் கையிலிருந்து நழுவியது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மகிழ்ந்தேன். அன்றிரவு அகத்தியர் இரண்டாகத் தெரிந்தார். உள்ளே பட்டகம் ஒரு மயிரிழை விலகியிருந்தது.

8 அங்குல டாப்சோனியன்: உள்ளே போவது

ஜான் டாப்சன் 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் பரப்பிய வடிவம் இது. சுழலும் பலகைப் பெட்டிமேல் ஒரு குழாய், கையால் தள்ளிப் பார்ப்பது, அவ்வளவுதான். மோட்டார் இல்லை, செலவில் பெரும்பகுதி ஆடிக்கே போகிறது. தென்வானத்துக்கு இது ஏன் தனியாகப் பொருந்துகிறது என்றால், இதற்குத் துருவத்தைப் பற்றிக் கவலையே இல்லை. மேலும் கீழும், இடமும் வலமும். துருவ விண்மீன் இல்லாத வானத்தில் அது பெரிய நிம்மதி.

ஆனால் ஒரே பார்வையில் அடங்கும் வானம் சிறியது. 1200 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் 25 மி.மீ. கண்வில்லையைப் போட்டால் 48 மடங்கு (முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தது), பார்வைப் புலம் ஏறத்தாழ 1 டிகிரி. மேலே சொன்ன மூன்றும் அடங்கிய காட்சி இதில் இல்லை. கரினா நெபுலாவில் பாதிகூட அடங்காது. பெரிய மகெல்லன் மேகத்தைப் பார்க்கிறேன் என்று இதில் கண்ணை வைத்தால், மேகம் எங்கே என்று கேட்போம். மேகத்துக்குள்தான் இருப்போம்.

அப்படி உள்ளே இருப்பதற்குத்தான் டாப்சோனியன். மேகத்தில் ஒரு டிகிரி நகர்த்தினால் ஒரு கொத்து, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு நெபுலா, இன்னோர் இடத்தில் இரண்டும் ஒரே வட்டத்தில். எல்லாமே நம் மண்டலத்துக்கு வெளியே 1,60,000 ஒளியாண்டுத் தொலைவில். டரான்டுலா நெபுலாவின் கால்கள் உண்மையாகவே சிலந்திக் கால்களாகச் சுருண்டு தெரியும். வரைபடத்தில் பெயர் தேடிக்கொண்டே ஓர் இரவு போய்விடும், மேகத்தில் பாதிகூட முடிந்திருக்காது.

47 டுக்கானேயை முதன்முதலில் இதில் பார்த்த இரவு ஏமாற்றத்தில் தொடங்கியது. 100 மடங்கில் ஒரு கலங்கிய உருண்டை, நடுவில் மஞ்சள் கலந்த வெளிச்சம். ஆடி சரியில்லை என்றே முடிவு கட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து பார்த்தபோது உருண்டை முழுவதும் ஊசிமுனைகளாக உடைந்திருந்தது. வீட்டுக்குள் இருந்த சூட்டோடு ஆடியை வெளியே கொண்டுவந்திருந்தேன். அது குளிர்ந்து வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரும்வரை எந்தப் பெரிய ஆடியும் இப்படித்தான் காட்டும். யாரும் இதை எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

நகைப்பெட்டியின் நகைகள் இதில் தெரியும், நடுவே ஒரு சிவந்த கல் உட்பட. அக்ரக்ஸ் இரண்டாகப் பிரியும். ஆல்ஃபா சென்டாரி இரண்டு மஞ்சள் புள்ளிகளாகும். ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் அந்த இணை, 2016ஐ ஒட்டி நம் பார்வையில் நெருங்கி 4 விகலைக்கு (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை) வந்து, இப்போது விலகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பத்தாண்டின் இறுதிவரை ஆண்டுக்காண்டு பிரிப்பது எளிதாகும். சென்டாரஸ் ஏ விண்மீன் மண்டலத்தின் குறுக்கே ஓடும் கரும் பட்டை, நல்ல இருட்டில், கண்ணை நேராக வைக்காமல் சற்று விலக்கிப் பார்த்தால் பிடிபடும்.

ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவான்ஸ் என்ற மதபோதகர், பெரும்பாலும் கையால் தள்ளிப் பார்க்கும் 10 அங்குல, 16 அங்குலத் தொலைநோக்கிகளைக்கொண்டு, கண்ணாலேயே 40க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார். நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் தோற்றம் அவர் நினைவில் இருந்தது. புதிதாக ஒரு புள்ளி இருந்தால் அவருக்கு உறுத்தும். எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1820களில் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் ஜேம்ஸ் டன்லப் 9 அங்குல ஆடியோடு உட்கார்ந்து 629 பொருள்களைப் பட்டியலிட்டார். பின்னால் வந்தவர்கள் தேடியபோது அவற்றில் ஏறத்தாழ பாதி அங்கே இல்லை. சென்டாரஸ் ஏயைக் கண்டுபிடித்தவரும் அவரே என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

எடை? குழாயும் பெட்டியும் சேர்ந்து 20 கிலோவை ஒட்டிவரும், குழாய் ஒன்றேகால் மீட்டர் நீளம். மாடிப்படி ஏறவேண்டும் என்றால் நன்றாக யோசிக்கவேண்டும். ஒவ்வொரு முறை தூக்கியபின்னும் ஆடிகளின் நேர்கோட்டைச் சரிபார்க்கவேண்டும். பழகினால் இரண்டு நிமிடம், முதல் மாதம் அரைமணி நேரம்.

இடைப்பட்டவை

நான் முதலில் வாங்கியது நாலரை அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி, துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் தாங்கியுடன், மோட்டாருடன். பெட்டியின்மேல் வண்ணப் படங்கள், நம்பமுடியாத உருப்பெருக்க எண்கள். துளையின் மி.மீ. அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் மங்கலைத்தான் பெரிதாக்குகிறோம் என்பது அப்போது தெரியாது.

அந்தத் தாங்கி வடக்கே இருப்பவர்களுக்கு நியாயமானது. துருவ விண்மீனை நோக்கித் திருப்பினால் வேலை முடிந்தது. தெற்கில் துருவத்துக்கு அருகில் இருப்பது சிக்மா ஆக்டான்டிஸ். ஒளித்தரம் (எண் கூடக்கூட மங்கல்) ஐந்தரையை ஒட்டியது, இருட்டு நன்றாக இருந்தால்தான் கண்ணுக்கே படும். ஊர் விளக்குகளுக்கு நடுவே அதைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான். ஒருவழியாக உத்தேசமாகத் திருப்பி, வியாழனை நடுவில் வைத்து மோட்டாரைப் போட்டேன். அரை நிமிடத்தில் வியாழன் ஓரத்தைத் தாண்டி ஓடியது. மோட்டார் பழுது என்று நினைத்து நிறுத்தினால், நின்ற கருவியில் அது இன்னும் மெதுவாக நகர்ந்தது. வடக்கு, தெற்கு என்று ஒரு சிறு பொத்தான் இருந்தது. அது வடக்கில் இருந்தது. வானம் ஒரு பக்கமும் மோட்டார் எதிர்ப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவுகள் ஆயின. நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: அந்த வகைத் தாங்கிகள் பல, அவ்வளவு தாழ்வாகச் சாயவே சாயாது, சாய்த்தால் எதிர் எடைக் கம்பி முக்காலியில் இடிக்கும். ஒளிப்படம் எடுக்கும் எண்ணம் உறுதியாக இல்லாதவர்கள் இந்த வகையைத் தொடவேண்டாம்.

80 மி.மீ. குறுங்குழாய் ஒளிவிலகல் தொலைநோக்கி அப்படி மோசமில்லை. 400 மி.மீ. குவியத் தூரத்தில் 25 மி.மீ. கண்வில்லைக்கு 16 மடங்கும் 3 டிகிரிப் புலமும் கிடைக்கும், கரினா நெபுலா முழுதாக அடங்கும். ஒரு கையில் தூக்கலாம். பயணத்தில் எடுத்துச் செல்பவர்களுக்கு இதுவே சரி. வீட்டோடு இருப்பவர்களுக்குப் பைனாகுலரின் வசதியும் இல்லாமல் டாப்சோனியனின் ஒளியும் இல்லாமல் நடுவில் நிற்கும். பிரகாசமான பொருள்களின் ஓரத்தில் ஊதா நிறக் கரையும் வரும்.

இப்போது பரவிவரும் திறன்மிகு தொலைநோக்கிகள் தனி இனம். படம் எடுத்து, அதில் உள்ள விண்மீன்களின் அமைப்பைக்கொண்டு தான் எங்கே பார்க்கிறது என்று தானே கண்டுகொள்ளும். துருவ விண்மீன் இல்லாத குறை இதற்கு ஒரு பொருட்டே இல்லை. 8 அங்குலத்தில் நான் கண்ணைச் சுருக்கித் தேடும் சென்டாரஸ் ஏயின் கரும் பட்டையை, வெளிச்சம் நிறைந்த நகரத்திலிருந்தும் சில நிமிடங்களில் கைப்பேசித் திரையில் காட்டிவிடும். பார்வை மங்கியவர்களுக்கும், ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குக் காட்ட நினைப்பவர்களுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் இது நல்ல கேமரா. கண்வில்லையில் கண்ணை வைத்து 47 டுக்கானே உடைவதைப் பார்க்க விரும்புபவருக்கு இது பதிலாகாது. பரவலாகக் கிடைக்கும் 50 மி.மீ. மாதிரிகளில் படப்புலமும் சிறியது, ஒன்றேகால் டிகிரி நீளத்தை ஒட்டியது. தெற்கின் பெரிய பொருள்களைத் துண்டு துண்டாக எடுத்துத்தான் ஒட்டவேண்டும்.

யாருக்கு எது

நகர நடுவில் மாடிக் குடியிருப்பு, மாதம் ஒருமுறைதான் இருட்டான இடத்துக்குப் போகமுடியும் என்றால் 10×50 மட்டும் போதும், இரண்டாவது படியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மாடியிலிருந்தே அன்றாடம் பார்க்கவேண்டும் என்ற வேட்கை உள்ளவர் திறன்மிகு தொலைநோக்கியைப் பார்க்கலாம். தரைத்தளம், முற்றம், ஓரளவு இருட்டு, தென்கோளத்து அட்சம் எல்லாம் ஒன்றாக அமைந்தவர்கள் பைனாகுலரோடு ஓராண்டு கழித்துவிட்டு டாப்சோனியனுக்குப் போகவேண்டும். அப்போதும் பைனாகுலரை விற்றுவிடக்கூடாது. எங்கே பார்ப்பது என்று கண்டுபிடிப்பது அதில், கண்டுபிடித்ததைப் பிரித்துப் பார்ப்பது இதில். 6 அங்குலமா 8 அங்குலமா என்று தயங்குபவர்கள் தூக்கிப் பார்த்து முடிவு செய்யலாம். குழந்தைகளுக்காக வாங்குபவர்கள் எதை வாங்கினாலும் நிலவைத்தான் முதலில் காட்டுவார்கள், அதற்கு எல்லாமே நன்று.

கருவியோடு வேறென்ன வாங்குவது என்றால், சாய்வு நாற்காலி ஒன்று, சிவப்பு விளக்கு ஒன்று, சுழலும் விண்மீன் வட்டை ஒன்று. வட்டையில் எந்த அட்சத்துக்கு அச்சிட்டது என்று எழுதியிருக்கும், தெற்கு என்று இருக்கிறதா பார்த்து வாங்கவேண்டும். வடக்கு அட்சம் 40க்கு அச்சிட்டதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஓரியன் வேண்டுமானால் அதில் சரியாக நிற்கும். சிலுவை அதில் அச்சாகியே இருக்காது.